கழன்று கிடந்த மவுஸ்

அறிக்கையில் மாறியிருந்தது ஒரே ஒரு வரி. அதற்காகச் சாயங்காலத்துக்குள் தன் வேலை போய்விடும் என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள். மண் பரிசோதனைக் கூடத்தில் பரிசோதகி. அழவில்லை; நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி கட்டப்போற இடம் சார். மண்ணு பொலபொலன்னு இருக்கு, அஸ்திவாரம் ஆழமாப் போகணும்னு எழுதினேன். காலையில காண்ட்ராக்டர் போன் பண்ணி, ஆழம் வேண்டாம்னு சொன்னதுக்கு நன்றிங்கறார்."

"முதலாளி என்ன சொல்றார்?" என்றார் துப்பறிவாளர்.

"நான்தான் மாத்தினேனாம். அறிக்கையைத் திருத்துற மென்பொருள் என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. ஆனா ஃபைல் நேத்து மதியம் முன்னறை கம்ப்யூட்டர்ல சேவ் ஆகியிருக்கு. அதுல பாஸ்வேர்டு இல்லாம எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. பாஸ்வேர்டு முதலாளிகிட்ட. அதனால நான் என் மேசையில திருத்தி, அங்க கொண்டுபோய் வெச்சேங்கறார்."

துப்பறிவாளரின் மைத்துனன் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டான்.

"அத்தான், முதலாளியேதான்! பாஸ்வேர்டு அவர்கிட்டதானே!"

"வண்டியை எடு மாப்ளே. தீர்ப்பை அப்புறம் எழுதலாம்."

கூடத்தில் ஈரமண் வாடை. முன்னறைக் கணினி அரதப் பழசு. பென்டிரைவ் செருகும் துளைகளில் உருப்படியானவை இரண்டே. ஒன்றில் கீபோர்டு, மற்றதில் மவுஸ்.

"நேத்து சாப்பிட்டு வந்து பார்த்தா மவுஸ் செத்துக் கிடந்துச்சு," என்றார் முதலாளி. "புதுசு வாங்கணுமேன்னு பதறிட்டேன். பார்த்தா வயர் கழண்டிருக்கு. செருகிவிட்டேன்."

மண்ணெடுக்கக் குழி போடுபவர் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "என்னைச் சந்தேகப்படாதீங்க சாமி. மவுஸைப் பிடிச்சா அம்பு ஒரு பக்கம் ஓடுது, நான் ஒரு பக்கம் ஓடுறேன்."

மூலையில் தன் கம்ப்யூட்டரில் டைப்பிஸ்ட் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் தன் மவுஸைக் கவிழ்த்து வைத்திருந்தார். போன் அடித்தது. எடுத்தார். "சாப்டியாடா? இரு, தர்றேன்." முதலாளி வாங்கினார். "சொல்லுங்க காண்ட்ராக்டர் சார். அறிக்கையா? கொஞ்சம் பொறுங்க, கூப்பிடறேன்."

துப்பறிவாளர் எல்லோரையும் முன்னறைக் கணினி அருகே அழைத்தார்.

"மென்பொருளை இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டலாம். பென்டிரைவ்லயே குடியிருக்கிற வகை உண்டு. செருகி, திறந்து, வேலையை முடிச்சு உருவிட்டாப் போச்சு. பாஸ்வேர்டு கேக்காது. ஆனா ஒண்ணு, வேலை முடியற வரைக்கும் பென்டிரைவ் உள்ளேயே இருக்கணும்."

மைத்துனன் துளைகளைப் பார்த்தான். "இருக்கிறதே ரெண்டு. அப்போ மவுஸைப் பிடுங்கிட்டு..."

"அது இல்லாமலே, கீபோர்டுலயே திருத்தியிருக்காங்க. இந்தம்மாவோ முதலாளியோன்னா திண்டாடியிருப்பாங்க. முடிச்ச கையோட திரும்பச் செருகியிருப்பாங்க. வந்த ஆளுக்கு மவுஸ் இல்லாதது ஒரு குறையாவே தெரியல. அதனாலதான் மறந்துட்டார்."

எல்லாக் கண்களும் காகிதங்களின் மேல் கவிழ்ந்து கிடந்த மவுஸுக்குப் போயின.

"காண்ட்ராக்டரை உங்க முதலாளியே சார்ங்கறார்," என்றார் துப்பறிவாளர் டைப்பிஸ்டிடம். "நீங்க 'சாப்டியாடா'ன்னு கேட்டீங்க."

டைப்பிஸ்ட் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவன் என் தம்பி. குறைஞ்ச விலைக்குக் கட்டித்தர ஒத்துக்கிட்டான். அவ்வளவு ஆழம் தோண்டினா எழுந்திரிக்கவே மாட்டான்."

"தோண்டாம கட்டினா கட்டடம் நிக்காதுண்ணா," என்றாள் பரிசோதகி. "உள்ள படுத்திருக்கிறவங்க எழுந்து ஓடக்கூட முடியாது." குரல் உயரவில்லை. "கான்கிரீட் போட்டாச்சா?"

முதலாளி போனை எடுக்கப் போனார். டைப்பிஸ்ட் அவருக்கு முன்பே எடுத்துவிட்டார். விசைகளைப் பார்க்காமலே தட்டிப் பழகிய விரல் இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தியது. மூன்றாவதில் மணி போயிற்று.

"டேய், ஊத்திட்டியா?... இன்னும் இல்லையா? சரி. லாரியைத் திருப்பி அனுப்பு."

மறுமுனையின் கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அந்த அறிக்கை பொய்டா. நான்தான் மாத்தினேன். அனுப்பு."