ராத்தாவின் வீட்டில் பரீட்சை

சாய்ந்தமருதுக் கரையில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் எஞ்சியது அது மட்டும்தான்.

போர் முடிந்திருந்த காலம். நான் படிப்பித்த கணக்கியல் டிப்ளோமா இணையத்துக்கு மாறியிருந்தது. பிள்ளைகள் விரும்பிய இடத்தில், கமெராவின் முன்னால் பரீட்சை எழுதலாம். ஜெஸீலா கல்முனைக் கணினி நிலையத்தில் எழுதித் தோற்றாள். உம்மாவோடு குடியிருந்த மாடிவீட்டிலும் தோற்றாள். இந்த இடிந்த வீட்டிலிருந்து எழுதிய பாடங்களில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை.

"யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்" என்றது கொழும்பு அலுவலகம். "கடைசிப் பாடத்துக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். சந்தேகம் வந்தால் எல்லாம் ரத்து."

எனக்கும் அதே எண்ணம்தான். திடீரென்று கெட்டிக்காரியானவளை என் மனம் நம்ப மறுக்கிறது. ஏன் என்று நான் அதைக் கேட்டதில்லை.

ஜெஸீலாவின் தாய் ஆயிஷா உம்மா வாசலோடு நின்றுவிட்டார்.

"மூத்தவளுக்குச் சீதனமாக் கட்டின ஊடு டீச்சர். கலியாணத்துக்கு நாள் வெச்சிருக்கக்குள்ளதான் கடல் வந்திச்சி. மையத்துக்கூடக் கிடைக்கல்ல. இப்ப இவட பேருக்கு எழுதிட்டம். பெருநாள் முடியக் கலியாணம்."

"பாஸானா?"

"கொழும்புல வேலையாம். கலியாணமும் வேணாமாம், ஊடும் வேணாமாம். பாஸாகு, பாப்பம் எண்டிருக்கன்."

கூரை மிஞ்சிய ஒரே அறை. உப்புப் பூத்த சுவர்கள். மேசைக்கு அடியில், யன்னலுக்கு வெளியில், அவளுடைய முக்காட்டுக்குள்ளும் தேடினேன்.

"காதுக்குள்ள ஆள ஒளிச்சு வெச்சிருப்பனா டீச்சர்?" என்று ஜெஸீலா சிரித்தாள்.

பரீட்சை தொடங்கியது. ஒவ்வொரு கேள்வியையும் மெல்ல வாசிப்பாள். தலையை இடப்பக்கம் சாய்த்துக் காத்திருப்பாள். பிறகு எழுதுவாள்.

ஈரமணல் வாசம் வந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

நானில்லை. அவளுமில்லை, அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருடி?"

"கடலோட போன ராத்தா" என்றாள், கேட்டும் கேட்காத குரலில். "பாஸாகிப் போயிரு, ஊட்ட எனக்கு விட்டிரு எண்டுறா. இடத்த மாத்திராதீங்க டீச்சர்."

நான் நம்பவில்லை. அல்லது, நம்பியதால்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில் அவளை உட்கார வைத்தேன். நேரம் முடியும்வரை அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

நாங்கள் விட்டுவந்த வீட்டில் கதவொன்று அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டுக்குக் கதவே இல்லை.

ஜெஸீலா தோற்றாள். பெருநாள் கழிந்து, வீட்டைத் திருத்தி, கதவு போட்டு, மாப்பிள்ளையை அங்கேயே கொண்டுவந்தார்கள். கலியாணத்துக்கு நான் போகவில்லை. பிறகு மனம் கேட்காமல் ஒருநாள் போனேன். கையில் மீன் பையும் சாவியுமாக அவள் அப்போதுதான் சந்தையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க டீச்சர். அவர் கடைக்குப் போயிட்டார். ஆருமில்ல."

படியில் கால் வைத்ததும் நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவளுடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. பிந்திவிட்டது.

"இந்த ஊட்டுக்கு நாங்க ஸலாம் சொல்றல்ல டீச்சர்."

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஈரமான ஒரு குரல்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் டீச்சர்."

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது.