காயாத நடைபாதை

கேட்டருகே, கரணையால் அவன் மழமழவென்று தேய்த்துவிட்டிருந்த கான்கிரீட்டில் ஒரு காலடி பதிந்திருந்தது. வெறுங்கால். விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன. கேட் பூட்டியேதான் இருந்தது.

எட்டிப்போய்ச் சரிசெய்யவும் வழியில்லை. கொத்தனார் எதற்கு, நானே போடுகிறேன் என்று காலையிலிருந்து கலவை குழைத்துக் கொட்டியவன், கேட்டில் ஆரம்பித்து வாசற்படியில் வந்து முடித்திருந்தான். இரண்டு பக்கமும் மதில். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

போனில் மனைவி சிரித்தாள். "வீட்டுலேர்ந்து போட்டுக்கிட்டே வெளியே போகணும்ங்க! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்களே. காயற வரைக்கும் உள்ளேயே கெடங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"தூங்குறா. நீ எப்ப வருவே?"

"டியூட்டி முடிஞ்சு காலையிலதான். அவளைத் தனியா விட்டுடாதீங்க."

காலடியைப் பற்றி அவன் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் கேலி செய்வாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஈர சிமெண்ட் நெடி ஜன்னல் வழியே வந்து, பாப்பாவின் மருந்து வாசனையோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, அவன் உட்காருவதும் எழுவதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் மறுபடி வாசலுக்கு ஓடுவதுமாக இருப்புக்கொள்ளாமல் அலைந்தான். ஒவ்வொரு முறையும் காலடிகள் கூடியிருந்தன. பூனை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியாது. அவன் பாதத்தைவிடப் பெரியவை.

கதவைச் சாத்தித் தாழிட்டு, முதுகைக் கொடுத்து நின்றான்.

சளப்.

ஈரத்திலிருந்து கால் பிடுங்கும் சத்தம்.

சளப். படிக்குக் கீழே.

பாப்பா இருக்கிறாள். உள்ளே விடக் கூடாது. விடவே கூடாது.

நின்றது.

பிறகு சத்தம் திரும்பிப் போகத் தொடங்கியது. சளப். கூடவே இன்னொன்று, லேசாக. எதிரொலி என்று நினைத்தான். தேய்ந்து தேய்ந்து கேட்டுப் பக்கம் அடங்கியது. அப்பாடா! அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"பாப்பா," என்று கூப்பிட்டுக்கொண்டே அறைக்குள் போனான்.

போர்வை சூடாக இருந்தது. அவள் இல்லை.

தாழ்ப்பாளைப் பிடுங்கித் திறந்தான். வாசல் விளக்கைப் போட்டான். குதித்தான். கால் புதையவில்லை. கான்கிரீட் கல்லாகியிருந்தது.

வந்த தடங்களுக்குப் பக்கத்தில் திரும்பிப் போன தடங்கள். அவற்றை ஒட்டியே சின்னச் சின்னக் காலடிகள், பாதி வழிவரை. அதற்கப்புறம் பெரிய காலடிகள் மட்டும்தான், முன்னைவிட ஆழமாக, பூட்டிய கேட் வரைக்கும்.