நூலுக்கு முன்னால் நின்ற காவேரி

காவேரி நின்றுவிட்டாள்.

எல்லைக்கோட்டுக்கு ஓரடி முன்னால், பிரேக் பிடித்த ஷேர் ஆட்டோ மாதிரி நின்றுவிட்டாள். தலைமை ஆசிரியை தட்டிக்கொண்டிருந்த கைகளை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். பி.டி. சார் மாணிக்கவாசகத்தின் வாயில் விசில் இருந்தது. ஊத மறந்துவிட்டார்.

காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் அன்று விளையாட்டு விழா. எட்டாம் வகுப்புப் பெண்களுக்கான நானூறு மீட்டர் ஓட்டம். முதலில் வருகிறவள் மட்டும்தான் வாலாஜாபாத்தில் நடக்கும் போட்டிக்குப் போகலாம்.

இரண்டாவதாக ஓடிவந்த சுகாசினிக்குத் திக்கென்றது. போன வருடமும் அவளை முந்தியவள் காவேரிதான். இந்த வருடம் வாலாஜாபாத் போயே தீருவது என்று தினமும் ஓடிப் பழகியிருந்தாள். மற்றவர்கள் வெகு தூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும்.

ஆனால் காவேரிக்கு என்ன ஆயிற்று? சுகாசினியும் நின்றுவிட்டாள்.

"ஏன்டி நின்னுட்ட? கால் சுளுக்கிக்கிச்சா?"

"நூலுடி," என்றாள் காவேரி. முகம் வெளுத்திருந்தது. "பட்டு நூலு கட்டி வச்சிருக்காங்க."

அப்போதுதான் சுகாசினி பார்த்தாள். எப்போதும் கட்டும் ரிப்பனை எலி கடித்துவிட்டதால், பி.டி. சார் யாரிடமோ கேட்டு வாங்கிய சிவப்புப் பட்டு நூலைக் குறுக்கே கட்டியிருந்தார்.

சுகாசினிக்குப் புரிந்துவிட்டது. காவேரி வீட்டில் தறி ஓடுகிறது. அவள் தெருவில் விடிந்ததும், புடவை நெய்யப் போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நூலைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வந்துவிடும். அறுத்துவிட்டால் வீட்டில் தொலைத்துவிடுவார்கள்.

"இது அறுக்கறதுக்குத்தான்டி கட்டிருக்காங்க. போ."

"தெரியுது. கால் போவ மாட்டேங்குது. நீ போ."

சுகாசினிக்கு ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. போனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் முன்னால் வந்தவள் காவேரி. நூலைப் பார்த்து நின்றவளைத் தாண்டிப் போய் ஜெயித்தேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? சுகாசினிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

சுகாசினி நூலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். "குனிஞ்சி போடி, சீக்கிரம்."

காவேரி குனிந்து கோட்டைத் தாண்டினாள். அவள் பின்னாலேயே சுகாசினியும் தாண்டினாள். மூன்றாவதாக வந்த தேவிப்ரியாவும் நெசவாளர் வீட்டுப் பெண். அவளும் நூலைக் கண்டதும் குனிந்தே போனாள்.

பி.டி. சாருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "எத்தினியோ வருஷமா ரேஸ் வுடறேன். கோட்டாண்ட நின்னு பேசிக்கினு இருந்தவங்கள இன்னிக்குதான்மா பாக்கறேன்."

தலையைச் சொறிந்துகொண்டே, "காவேரி ஃபர்ஸ்ட்டு, சுகாசினி செகண்டு," என்றார்.

சுகாசினிக்கு அழுகை முட்டியது. காவேரி மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாலாஜாபாத்துலயும் நூல் கட்டிருந்தா இன்னாடி பண்றது?"

சுகாசினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு காலைல கிரவுண்டுக்கு வா. வீட்ல கழிச்சுப் போட்ட நூல் இருந்தா எடுத்துக்கினு வா. நான் புடிக்கறேன். நீ அறுத்துப் பழகு."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வருஷம் நீ நின்னாலும் நான் நிக்க மாட்டேன்."