மூன்றாவது வெள்ளிக்கிழமை ஊசி

மெஹ்ஜபீன் மாடிப்படி ஏறி வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். மாயவன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினான். பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கீழே அவனுடைய ஜெராக்ஸ் கடை. மேலே தீர்த்தம்மாள் வீடு. முப்பது வருடம் கடைத் தராசுகளையும் படிகளையும் சோதித்து முத்திரை வைத்து ஓய்வு பெற்றவர் அவர். யாராவது சிக்கலோடு அவரைத் தேடி வந்துவிட்டால் மாயவனுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது.

"என் நாத்தனார் நஸீமா என் மருந்துல எதையோ கலந்துட்டான்னு வூட்டுக்காரர் சொல்றாருங்க. நாளைக்கு அவளை ஏரியூர்ல இருக்கிற பெரியத்தா வூட்டுக்கு அனுப்பப் போறாரு. புருசன் செத்து எங்ககிட்ட வந்தவ. எனக்கு நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

"என்ன மருந்து?" என்றார் தீர்த்தம்மாள்.

"எடை குறைக்கற ஊசிங்க. நூத்தி நாலு கிலோ, முட்டி தேஞ்சிருக்கு, சர்க்கரையும் எல்லையில நிக்குதுன்னு தருமபுரி டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. வாரம் ஒருக்கா, வெள்ளிக்கிழமை. முதல் மாசம் பத்தாவது கோடு வரைக்கும்தான் இழுக்கணும்னு காட்டிக் கொடுத்தாரு. ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. மூணாவது வெள்ளிக்கிழமை ஊசியைக் காணோமேன்னு தேடினேன், அப்புறம் பார்த்தா பிரிட்ஜுல குப்பி பக்கத்துலயே கெடந்துச்சு. போட்டுக்கிட்டேன். மறுநாள் புடிச்சு வாந்தி. தண்ணிகூட தங்கல. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"நஸீமா மேல ஏன் சந்தேகம்?"

"இந்த ஊசியே வேண்டாம்னு முதல்ல சண்டை போட்டா. எங்க மாமனாருக்கு இன்சுலின் போடறதும் அவதான். ரெண்டு மருந்தும் ஒரே பிரிட்ஜு. இன்சுலினை என் குப்பியில ஏத்திட்டான்னு இவரு அடிச்சுச் சொல்றாரு."

"கேஸ் முடிஞ்சுதுங்கம்மா!" என்றான் மாயவன்.

"கடையைப் பூட்டுனியா? அதை முதல்ல போய்ப் பாரு."

மெஹ்ஜபீனின் கணவர் நிசார் அகமதுவின் புளி மண்டிக்கு மேலேதான் அவர்கள் வீடு. தீர்த்தம்மாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "தராசு பார்க்க வந்தீங்களாம்மா? இப்ப எல்லாம் எலெக்ட்ரானிக்."

"அதுலயும் குறையும் பாய்."

வாசல் ஓரம் ஒரு துணிப்பை தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் நஸீமா தலை குனிந்து நின்றாள். தீர்த்தம்மாள் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு மில்லிக் குப்பி. பாதிக்குச் சற்று மேலே மருந்து நின்றது. ஆஸ்பத்திரிச் சீட்டில் சர்க்கரை தொண்ணூற்றெட்டு. மெஹ்ஜபீன் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைத்த டப்பாவில் இரண்டு ஆரஞ்சு மூடி, ஒரு சிவப்பு மூடி. மாமனார் பெரியவர் பக்ருதீனின் இன்சுலின் பெட்டியில் எல்லாமே சிவப்பு மூடி. மாயவன் ஒன்று விடாமல் நோட்டில் எழுதினான். எழுதியதில் எது முக்கியம் என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"மாயவா, ஆரஞ்சு மூடி போட்ட இன்சுலின் ஊசி ஒன்னு வாங்கிட்டு வா."

அவன் திரும்பி வர அரைமணி ஆனது. "மூணு கடை ஏறி இறங்கிட்டேங்கம்மா. எல்லாரும் சிவப்பையே நீட்டறாங்க. நாலாவது கடையிலதான் கெடச்சுது."

"அதையும் எழுதிக்கோ." தீர்த்தம்மாள் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார். "பாய், குப்பிக்குள்ள எதையாவது ஏத்தினா மருந்து மட்டம் ஏறணுமா, இறங்கணுமா?"

"ஏறணும்."

"இறங்கியிருக்கு. அதுவும் மூணு ஊசிக்கு இறங்க வேண்டியதைவிட அதிகமா. இன்சுலின் கலந்திருந்தா சர்க்கரை விழுந்திருக்கும். சீட்டுல அப்படி இல்லை. அதனால யாரும் எதையும் கலக்கல. இவங்க உடம்புக்குள்ளதான் மருந்து கூடப் போயிருக்கு."

"பத்தாவது கோட்டுக்கு மேல நான் இழுக்கவே இல்லீங்க!" என்றாள் மெஹ்ஜபீன்.

"தெரியும்." தீர்த்தம்மாள் ஆரஞ்சு ஊசியில் பத்தாவது கோடு வரை தண்ணீர் இழுத்து ஒரு கரண்டியில் விட்டார். பெரியவரின் பெட்டியிலிருந்து புதுச் சிவப்பு ஊசி ஒன்றை எடுத்து, அதிலும் பத்தாவது கோடு வரை இழுத்து இன்னொரு கரண்டியில் விட்டார். முதல் கரண்டியில் இரண்டு சொட்டு. அடுத்ததில் ஐந்து.

மாயவன் இரண்டு கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "கோடு ஒன்னுதானேங்கம்மா?"

"எண்ணிக்கை ஒன்னு, அளவு வேற. ஆரஞ்சுல ஒரு மில்லியை நூறு கோடாப் பிரிச்சிருக்கான். சிவப்புல அதே மில்லியை நாப்பதாப் பிரிச்சிருக்கான். ஒரே ரொட்டியை நூறுக்குப் பதிலா நாப்பது துண்டு போட்டா ஒவ்வொரு துண்டும் பெருசுதானே? பெரியவரோட இன்சுலினுக்குச் சிவப்புதான் சரி. இந்த மருந்துக்கு அது ரெண்டரை மடங்கு. இது இரைப்பையிலிருந்து சாப்பாடு இறங்கறதையே மெதுவாக்கற மருந்து. உடம்பு பழகணும்னுதான் டாக்டர் கொஞ்சத்துல ஆரம்பிக்கறார். பழகாத உடம்பு தாங்குமா?"

தீர்த்தம்மாள் நஸீமா பக்கம் திரும்பினார். "அந்தச் சிவப்பு ஊசி தானா நடந்து வந்து குப்பி பக்கத்துல படுத்திருக்காதும்மா."

நஸீமா தலையை நிமிர்த்தினாள். "மருந்துக் கடையில ரெண்டு ஊசிதான் குடுத்தாங்க. மூணாவது வாரம் அண்ணி ஊசி இல்லாம தேடினாங்க. நாள் தவறக் கூடாதேன்னு அத்தா பெட்டியில இருந்து புதுசா ஒன்னு எடுத்து வெச்சேன். ஊசின்னா எல்லாம் ஒன்னுன்னு நெனச்சேங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார் நிசார்.

"என்னத்தைக் கலந்தேன்னுதானே கேட்டீங்கண்ணே? கலக்கலைன்னு சொன்னேன். வேண்டாம்னு சண்டை போட்டுட்டு, நானே எடுத்து வெச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நிசார் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். மண்டியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை.

மெஹ்ஜபீன் டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். இந்த வெள்ளிக்கிழமை ஊசி வேண்டாம், திங்கட்கிழமை நேரில் வந்து காட்டிவிட்டு மேலே பார்க்கலாம் என்றார் அவர். பிறகு அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் இருந்த துணிப்பையை எடுத்து உள்ளறைக்குக் கொண்டு போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது:

"திங்கக்கிழமை நீயும் தருமபுரிக்கு வா நஸீமா. ஊசி போடறதை டாக்டர்கிட்ட நீ கத்துக்கோ. இனிமே எனக்கும் நீதான் போடணும்."