அரக்கன் குகையில் ஒரு ரிவர்ஸ்

“வரட்டும்... வரட்டும்... வரட்டும்...”

மைதிலியின் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் அந்தப் பக்கம் இல்லை.

“ஐயோ!” என்று அலறினாள் நித்யஸ்ரீ. அவளுடைய வில்வீராங்கனை தலைகுப்புறக் குழிக்குள் விழுந்தாள். பின்னாலேயே காளிதாஸின் மந்திரவாதி. அவன் மேலேயே, கேடயமும் கையுமாக, நந்தகுமாரின் போர்வீரன்.

மிச்சமிருந்த மைதிலியைப் பார்த்துக் கருங்கல் அரக்கன் ஒரு கொட்டாவி விட்டான். ஒரே மிதி!

நான்கு போன்களிலும் ஒரே வரி: ‘உங்கள் குழு அழிந்தது. இன்று மீதமுள்ள வாய்ப்பு: 1.’

இடம், சங்ககிரியில் மைதிலியின் அப்பா நடத்தும் லாரி புக்கிங் ஆபீஸ். நேரம், சனிக்கிழமை காலை பத்தரை. அப்பா லோடு விஷயமாக வெளியே போயிருந்தார். வைஃபை நன்றாக வருகிற இடம் என்பதால் நான்கு பேரும் அங்கே கூடியிருந்தார்கள்.

‘ஏழுகோட்டை’ என்கிற அந்த விளையாட்டில் கருங்கல் குகை ரொம்பப் பழசு. புதுப்புதுக் குகைகள் வந்த பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதை ஜெயிக்கிற நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பறக்கும் யாளி கிடைக்கும். வேறு எங்கேயும் கிடைக்காது. குகை திறப்பது சனிக்கிழமை மட்டும். இரண்டே வாய்ப்பு.

அரக்கன் இருட்டில் சாகமாட்டான். அவனோடு சண்டை போட்டபடியே பின்னால் நடந்து, வாசல் வெயிலுக்கு இழுத்து வரவேண்டும். பாதை குறுகல். இரண்டு பக்கமும் குழி. திரும்பிப் பார்த்தால் அடி விழும்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதற்கு என்ன செய்தார்களோ தெரியாது. லாரிகளுக்கு நடுவே வளர்ந்த இந்த நாலு பேருக்கும் யோசிக்கவே தேவைப்படவில்லை. லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று குரல் கொடுப்பார் அல்லவா? ‘வரட்டும்’ என்றால் வரலாம். ‘ஓல்டான்’ என்றால் அப்படியே நிற்க வேண்டும். அதே முறைதான். மூன்று பேர் சண்டை போடுவார்கள். கிளீனர் வேலை மைதிலிக்கு.

அந்த மைதிலிதான் பாதையோரம் மின்னிய ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடிதானே என்று திறந்தாள். உள்ளே மயில்தோகைக் கிரீடம்! எடுத்தும் கொண்டாள். வாய் மட்டும் பழக்கத்தில் ‘வரட்டும்’ சொல்லிக்கொண்டிருந்தது.

“முதல்ல விழுந்தது யாரு?” என்று கேட்டான் நந்தகுமார். எட்டாம் வகுப்பு. குழுவுக்குத் தலைவன்.

“நித்யாதாங்கண்ணா,” என்றான் காளிதாஸ். “அவ போன் நின்னுருக்கும். அது போனா, செங்கல்லா?”

அது நித்யஸ்ரீயின் அப்பாவுடைய போன். அவர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர். கண்ணாடியில் நான்கு கீறல், ஓரமெல்லாம் செம்மண். இன்று மதியம் வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது. அப்பாவோடு போனும் போய்விடும். திரும்பி வர ஐந்து மாதம்.

“ஆமாங்கண்ணா,” என்றாள் நித்யஸ்ரீ. “மைதிலி சரியாத்தான் சொல்லுச்சு. என்ற போன்தான் சிக்கியிருக்கும். மன்னிச்சுக்கங்க.”

மைதிலிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ‘இல்லை’ என்கிற ஒரே ஒரு சொல் தொண்டை வரை வந்தது. வந்த வழியே இறங்கிப் போனது.

“என்ற சித்தப்பா பையன் தனுஷ் மேச்சேரியில இருக்கறான்,” என்றான் நந்தகுமார். “புதுப் போன். அவனைச் சேத்துக்கலாம். தப்பா நினைக்காத சாமி.”

“அதெல்லாம் இல்லீங்கண்ணா.” நித்யஸ்ரீ தானே குழுவை விட்டு வெளியேறினாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து மைதிலியை ஒட்டி உட்கார்ந்தாள். “நான் உன்ற போன்ல பாத்துக்கறேன். யாளி எப்படி இருக்கும்னாவது பாக்கலாமல்ல?”

மைதிலியின் திரையில் இன்னும் அந்த வரி இருந்தது: ‘புதிய பொருள்: மயில்தோகைக் கிரீடம்.’ உள்ளங்கையால் மூடினாள்.

“ஏம்புள்ள மறைக்கற?”

“வெ... வெயில் கூசுது.”

“ஆபீசுக்குள்ளயா?”

ஆனாலும் நித்யஸ்ரீ எழுந்தாள். மேஜை மேலிருந்த பழைய காலண்டரை எடுத்து, ஜன்னல் பக்கமாக நிழல் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்பத் தெரியுதா?”

மைதிலியால் அதற்கு மேல் முடியவில்லை.

“தனுஷைக் கூப்பிடாதீங்கண்ணா,” என்றாள். குரல் யாரோ வேறு ஆளுடையது போல வந்தது. “நித்யா போன் நிக்கவே இல்ல. நான்தான் பாக்கல.”

கையை எடுத்தாள். போனை மேஜை மேல் வைத்தாள். மூன்று தலைகளும் குனிந்து படித்தன.

“கிரீடமா?” என்றான் காளிதாஸ். “நாங்க மூணு பேரும் குழிக்குள்ள, உனக்குப் பட்டாபிஷேகமா?”

“பாக்காம வரட்டும்னு சொன்னது ஒண்ணு,” என்றான் நந்தகுமார். “அவ மன்னிப்புக் கேட்டப்பவும் சும்மாதானே உக்காந்திருந்த?”

அதுதான் சுட்டது. மைதிலி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“நான் போயிக்கறேன். என்ற எடத்துல தனுஷ் நிக்கட்டும். நித்யா ஆடட்டும்.”

எல்லோரும் நித்யஸ்ரீயைப் பார்த்தார்கள். அவள் காலண்டரை மெதுவாக மேஜை மேல் வைத்தாள்.

“தனுஷ் இந்தக் குகைக்கு வந்திருக்கறானாங்கண்ணா?”

“இல்ல.”

“அப்ப அவனுக்குக் குழி தெரியாது. மைதிலிக்குத் தெரியும். அவளே நிக்கட்டும்.” பிறகு மைதிலி பக்கம் திரும்பினாள். “கோபம் போயிருச்சுன்னு நினைச்சுக்காத. யாளி கெடைக்கலீனா இன்னும் ரெண்டு மடங்கு ஆவும்.”

நித்யஸ்ரீ மறுபடி குழுவில் சேர்ந்தாள். கடைசி வாய்ப்பு. குகை திறந்தது.

“வரட்டும்... வரட்டும்... நித்யா, லெப்ட்ல ஒடிச்சுத் திரும்பு... வரட்டும்...”

பாதையோரம் ஒரு பெட்டி மின்னியது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. உள்ளே என்ன இருந்ததோ, மைதிலிக்குத் தெரியாது.

“ஓல்டான்! ஓல்டான்!”

மூன்று பேரும் ஆணி அடித்தாற்போல் நின்றார்கள். காளிதாஸின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் குழி.

நந்தகுமார் மட்டும் இரண்டு அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அரக்கனின் அடி விழுந்தது. கேடயத்தில் ஒரு விரிசல். அடுத்தது இன்னொன்று. மூன்றாவது வந்தால் கேடயம் உடைந்துவிடும். அவன் ஏன் திரும்புகிறான் என்று மைதிலிக்குத் தெரியும். திரும்ப வேண்டாம் என்று கேட்க அவளுக்கு வாயில்லை.

நித்யஸ்ரீதான் கேட்டாள். அம்பு விட்டபடி, கண்ணை அரக்கன் மேலிருந்து எடுக்காமல்.

“முன்னாடி பாருங்கண்ணா. பின்னாடிதான் ஆள் நிக்குதல்ல?”

மைதிலியின் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்கிற நேரத்தில் பார்க்க முடியாதே!

“வரட்டும்... ரைட்ல கொஞ்சம்... நேரா வரட்டும்... வரட்டும்...”

நந்தகுமார் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

திரை வெள்ளையானது. வெயில்! அரக்கன் ஒரு கையை உயர்த்தினான். உயர்த்திய கை ஜல்லியாகக் கொட்டியது. அப்புறம் தோள், அப்புறம் தலை. தூசி அடங்கியபோது சிறகை மடக்கிக்கொண்டு நான்கு யாளிகள் நின்றன.

காளிதாஸ் போட்ட கூச்சலில், எதிர்க்கடை டீ மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“அப்பா தேடுவாரு. வாரேன்!” நித்யஸ்ரீ போனைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“மைதிலி, என்ற யாளிக்குப் பேரு வெக்கோணும். அஞ்சு மாசம் இருக்குது. நல்ல பேரா நீ யோசிச்சு வை.”

அன்று மதியமே மைதிலி ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேர்கள் எழுதிவிட்டாள். நாற்பத்தொன்றையும் அடித்துவிட்டு, புதுப் பக்கம் திருப்பினாள்.