தூசி ஏன் முந்திக்கொண்டான்?

வாலு மறுபடியும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. ஆசையாகக் கட்டிக்கொண்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். துள்ளி ஓடிக்கொண்டிருந்த தூசி சட்டென்று நடைக்கு மாறினான். இவள் பொத்தென்று முன்னால் சரிந்தாள். அவ்வளவுதான்.

“ஐயோ ஐயோ! நிமிர்ந்து உட்காருடி!” என்று திடலின் நடுவிலிருந்து அத்தை கத்தினார். குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பதுதான் அத்தைக்கு வேலை. கத்துவது இலவசம்.

“நிமிர்ந்துதான் இருந்தேன் அத்தை! நான் சொல்றதுக்கு முன்னாடியே அவன் மாறிட்டான்!”

“ஆறு மாசமா இதே பாடுதான். தூசிக்கு ஓட்டத்துலேருந்து ஆட்டமில்லாம நடைக்கு மாறத் தெரியல. சின்னப் பசங்க விழுந்தா யார் பதில் சொல்றது? நாலு மணிக்கு வண்டி வருது. தூசி அதுல ஏறி வந்த இடத்துக்கே போகட்டும்.”

வாலுவுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தூசி போய்விட்டால் அவளால் தாங்கவே முடியாது.

“ஒரே ஒரு தடவை, அத்தை!”

“இது எத்தனாவது ஒரே ஒரு தடவைடி?”

தூசி துள்ளி ஓடினான். இந்த முறை வாலு அவன் காதுகளைக் கவனித்தாள். இரண்டும் அத்தை பக்கமே திரும்பியிருந்தன. “இப்போ நட...” என்று அத்தை வாயெடுத்ததுதான் தாமதம், பட்டென்று தூசி நடந்தான். எட்டாவது தடவை!

“அத்தை, அவன் உங்க குரலைத்தான் கேக்கறான்! நீங்க எனக்குச் சொல்றீங்க, அவன் முந்திக்கிறான். கொஞ்சம் பேசாம இருங்களேன்.”

“நானா?”

“நீங்கதான். வாயைப் பொத்திக்கோங்க.”

அத்தை முறைத்தார். ஆனாலும் பொத்திக்கொண்டார்.

வாலு முதுகை நிமிர்த்தினாள். மூச்சை மெல்ல விட்டாள். கடிவாளத்தை விரல்களால் லேசாக இறுக்கி, மாறப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியப்படுத்தினாள். தூசியின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் நன்றாக ஊன்றி, துளியும் குலுங்காமல் நடக்கத் தொடங்கினான்.

மூன்று சுற்றுகள் வந்தார்கள். மூன்றிலும் வாலு சேணத்தைவிட்டு நகரவில்லை. பேசாமல் இருந்தே அத்தையின் முகம் சிவந்துவிட்டது.

வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கினார்.

“எங்கம்மா அந்தச் சரியில்லாத குதிரை?”

“அனுப்பலைங்க. அது மேல தப்பே இல்ல,” என்றார் அத்தை.

“அப்போ தப்பு யார் மேல?”

வாலு சிரிப்பை அடக்கமாட்டாமல் தூசியின் பிடரியில் முகத்தைப் புதைத்தாள்.

அத்தை தொண்டையைச் செருமினார். “வெயில்ல வந்திருக்கீங்க... தண்ணி குடிக்கிறீங்களா?”