சாட்சிமல்லி

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில், காலைப் பூசைக்கு முன் பூக்கள் சாட்சி சொல்லியாக வேண்டும். ஒருவர் முகர்ந்த பூ சாமிக்கு ஆகாதல்லவா? அதற்காகவே மரபணுவைத் திருத்திச் சாட்சிமல்லியை உருவாக்கியிருந்தார்கள். மனித மூச்சு நெருக்கத்தில் பட்டால் போதும். கால் மணி நேரத்தில் வெள்ளை இதழ் நீலமாகிவிடும்.

கோயில் அறங்காவலர் தாணுமாலயன் மனிதர்களைவிட அந்த மல்லியைத்தான் நம்பினார். மூன்று நாள்களாகச் சரங்கள் கருவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நீலமாகிக்கொண்டிருந்தன. முதல் நாள் அவர் வழக்கம்போல் எட்டிப் பார்த்து அனுப்பியதில் நாலைந்து பூ. சந்தேகம் வந்து, மறுநாள் அவரே குனிந்து பார்த்து அனுப்பினார். பாதிச் சரம் போயிற்று. இன்று இன்னும் கவனமாகப் பார்த்தார்; முழுக்கூடையும் நீலம்.

பூக்கடை ஆவுடைத்தாயைப் பக்தர்கள் முன்னிலையில் நிறுத்தினார்.

"மூக்குல துணி கட்டுன மாதிரி கட்டிக்கிட்டு, நைசா மோந்து பாக்கியோ?"

"சாமி பூவ நான் மோப்பனா அண்ணாச்சி?"

"பின்ன, பூ தானாவா நீலமாச்சு? நாளையோட கடையக் காலி பண்ணு!"

அந்தக் கடைதான் அவளுக்குப் பிழைப்பு. ஆனாலும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அமைதியே அவருக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. கையும் களவுமாகப் பிடிக்க, கடைமேல் இருந்த காவற்கண் கேமராவின் பதிவை ஓடவிட்டார். விடியலிலிருந்து அவள் முகத்துணி ஒருமுறைகூட விலகவில்லை. கடைசியில் ஒரு முகம் கூடைக்குள் கவிழ்ந்தது. மூக்கு உரச உரச, பூப்பூவாய் ஆராய்ந்தது.

அவருடைய முகம்தான்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?"

"அத்தன பேரு நிக்கையில எப்படி அண்ணாச்சி சொல்ல? ஒத்தையில சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே வந்துட்டிய."

அன்று ஆண்டவன் பாதத்தில் பூவுக்குப் பதிலாக அவளுடைய பொறுமை போய்ச் சேர்ந்திருக்கும். கடை அவளுக்கே நிலைத்தது. வீணான சரத்தை இலையில் மடித்து அவர் கையில் கொடுத்தாள். "சாமிக்குத்தான் ஆகாது. மதினி தலையில வைக்கட்டும்."

வீட்டில் அவர் மனைவி செண்பகவடிவு ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்தாள். நீலத்தைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"யாரு மோந்த பூ இது?"

"நான்தான்."

"முப்பது வருசத்துல நீங்க ஒரு பூவ மோந்து நான் பாத்ததில்லியே," என்றாள் அவள். "உண்மையச் சொல்லுங்க. யாரு அவ?"